ஆறு முகம், பன்னிரண்டு வோல்ட்

கொஞ்ச நாளாக நான் பல்புக் கடைக்கு நல்ல வாடிக்கையாளன். ஹாலில் இருந்த பல்பு மங்கலாக இருப்பதாகப் பட்டது, மாற்றினேன். மாற்றியதும் மங்கலாகவே பட்டது, அதையும் மாற்றினேன். கடைசியாக நான் கைகாட்டிய பல்பைப் பார்த்துவிட்டுக் கடையில் இருந்த சீனப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அங்கிள், இது பந்து விளையாடுற திடலுக்குப் போடுறது லா. வீட்டுக்கா?" என்று மலாயில் கேட்டான். "ஆமாம், இன்றைக்கு எங்கள் ஹாலில் அரையிறுதி ஆட்டம்" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வந்து காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் என் கால் இரண்டும் தாளம் போட ஆரம்பித்துவிட்டன.

பயத்தில் எனக்கு இப்போது கால்தான் முதலில் ஆடுகிறது. சின்ன வயதில் அது வேறொரு இடத்தில் ஆரம்பித்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். என் வயதுக்காரர்களே, தோட்டத்தில் பிறந்து டவுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்களே, கொழுப்பு மாத்திரையையும் கேலியையும் ஒரே மடக்கில் விழுங்குகிறவர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? நீங்களும் சின்ன வயதில் எதன் மேலாவது உட்கார்ந்து பயந்திருப்பீர்கள். நான் உட்கார்ந்தது பேட்டரி மேல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலாக்காவில் ரெம்பியாவுக்கு உட்புறம், ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் ஆட்டும் செம்பனை நட்டிருந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் இருந்தது. சொந்தக்காரர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. அப்பா அங்கே லாரி டிரைவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலையில் இறக்கிவிட்டு வருவார். லாரி தோட்டத்தினுடையது. கார் மட்டும் அப்பாவினுடையது.

அது ஆமைக் கார். முதுகு கூனி, கண் இரண்டும் பிதுங்கி, என்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால் என்று எல்லாமே தலைகீழாக இருக்கும். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பெரிய கிராணி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போகும்போது, "அங்க இத நிறுத்த எடம் இல்லப்பா. நீதான் இதுக்குச் சோறு ஊட்டுவ" என்று சாவியை அப்பா கையில் வைத்துவிட்டுப் போனார். வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால், சீட்டுக்குள் திணித்திருந்த நாரும் பெட்ரோலும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது கயிற்றுக் கடை வாசலில் நின்றால் எனக்குக் குமட்டும். கூடவே அழுகையும் வரும். எது முதலில் வரும் என்று சொல்ல முடியாததால் அப்படிப்பட்ட கடைகளை நான் எட்டியே கடப்பேன்.

அந்தக் காரின் மின்சாரம் ஆறு வோல்ட். இப்போதைய கார்களெல்லாம் பன்னிரண்டு. இவற்றுக்குச் சரி பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போட்டால், முன்னால் இரண்டு குத்துவிளக்கைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழும். வேகமாகப் போனால் அது கொஞ்சம் விழித்துக்கொள்ளும். சந்தியில் நிறுத்தினால் தூங்கி வழியும். பேட்டரி இருந்தது பின் சீட்டுக்கு அடியில், நான் உட்காரும் பக்கம். அக்கா உட்காரும் பக்கம் ஒன்றுமில்லை. "டேய், கனமா உக்காராத. சீட்டு ஸ்பிரிங்கு கீழ போய் பேட்டரில பட்டுச்சுன்னா பின்னாடி பொசுங்கிரும்" என்று அக்கா ஏறும்போதெல்லாம் ஓதுவாள். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. அதனால் எங்கே போனாலும் நான் பாதி நின்றபடியேதான் போனேன். இந்த வயதிலும் என் தொடை உறுதியாக இருப்பதற்கு ஆறு வோல்ட்தான் காரணம்.

முன் சீட்டில் அம்மா. காரில் ரேடியோ கிடையாது, அம்மாதான் ரேடியோ. வீட்டில் கேட்ட கேள்விக்குக்கூட அளந்து பதில் சொல்லும் அம்மா, பொழுது சாயும் நேரத்தில் காரில் ஏறினால் வாய் ஓயாது. "அந்தா மாடு ஒண்ணு வலது பக்கம் படுத்திருக்கு பாருங்க, கொழுகொழுன்னு." "யாரு வீட்டு சைக்கிளோ, எடது ஓரமா போகுது, ஒரு லைட்டு இருக்கா பாருங்களேன்." "வளைவு வந்திருச்சு, போன தீபாவளிக்கு இங்கதான நமக்கு மழ புடிச்சது?" அப்பா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அக்காவும் நானும் பின்னாலிருந்து அம்மா மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்போம். "அந்தா பாருங்க ஒரு மரம், நிக்கிது." "ஐயய்யோ, இன்னொரு மரம், அதுவும் நிக்கிது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கோலா சுங்கை பாருவுக்குப் போயிருந்தோம். படகு கரைக்கு வரும் நேரம் பார்த்துப் போனால் கெம்போங் மீன் துள்ளத் துள்ளக் கிடைக்கும். அன்றைக்கு அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. திரும்பி வரும்போது பொழுது மசங்கிவிட்டது. தோட்டத்துச் செம்மண் சாலையில் கார் நுழைந்தபோது உள்ளே ஒரே அமைதி. "ரேடியோ ரிப்பேரு" என்று அக்கா என் காதில் சொன்னாள். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, எப்போதும் திரும்பும் வளைவில் அப்பா திரும்பவில்லை. நேராகப் போனார். கார் சாலையோரக் கால்வாய்க்குள், லோங்காங் என்போம், மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது.

யாருக்கும் அடியில்லை. மீன் மொத்தமும் என் மேல். சட்டைக்குள் ஒரு கெம்போங் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பேட்டரிதான் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்து, "கரண்டு புடிச்சிருச்சு, கரண்டு புடிச்சிருச்சு" என்று கத்திக்கொண்டே எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம் வரைக்கும் ஓடினேன். லயமே திரண்டு வந்து காரைத் தூக்கியது. தூக்கிவிட்டு என்னைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தது. பிறகு அப்பாவைப் பார்த்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

"தண்ணி போட்டிருப்பாரோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்பா சாராய வாடையே ஆகாத முருக பக்தர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "லைட்டு எங்க இருக்கு இதுல? ஆறு வோல்ட்டு. என்னா தெரியும்?" என்றார்.

எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆமாம், ஆறு வோல்ட். குற்றவாளி கிடைத்துவிட்டான். அவனால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

ஆனால் அது சாதாரண நேரமில்லை. தோட்டம் கைமாறிப் புது மேனேஜர் வந்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து குலை லாரி சாயங்காலத்துக்கு மேலும் ஆலைக்கு ஓட வேண்டும், முடியாதவர்கள் லாரியை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று ஆபீசில் பேச்சு. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் எங்கள் வாசலுக்கே வந்து நின்றார்.

"டிரைவரண்ணே, லோங்காங்ல விழுந்த கதை மேனேஜரு காதுக்குப் போயிருச்சு. குடிச்சிட்டு ஓட்டுனான்னு எவனோ வத்தி வச்சிட்டான். நான் காரு லைட்டுதான் மோசம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நல்ல லைட்டா போட்டு, ஒரு நாள் பொழுது சாஞ்சப்புறம் ஆபீசு வாசல் வரைக்கும் ஓட்டிக் காட்டிருங்க. மனுசன் கண்ணால பாக்கட்டும். இல்லாட்டி லாரி போயிரும்ணே."

லாரி போனால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. தோட்டத்தில் அப்பாவுக்குப் பெயரே கிடையாது. டிரைவர்தான். அம்மா டிரைவர் வீட்டம்மா, நாங்கள் டிரைவர் புள்ளைங்க. எங்கள் வீட்டு நாயைக்கூட டிரைவர் நாய் என்றுதான் விரட்டுவார்கள். நாய் உட்பட மொத்தக் குடும்பமும் அந்த ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

இந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மலாக்கா டவுன் பக்கம் ஒரு ஃபாக்டரியில் ரேடியோ பாகங்களுக்கு ஈயம் பற்ற வைக்கும் வேலை. அதனால் உலகத்து மின்சாரமெல்லாம் தன்னைக் கேட்டுவிட்டுத்தான் ஓடுகிறது என்பது போலப் பேசுவார்.

"மச்சான், ஒரே பேச்சு. பன்னெண்டாக்கிருவோம். தண்ணி டாங்கிய தூக்கி மேல வச்சா பைப்புல எப்படிப் பீச்சும்? அதான் வோல்ட்டு. லைட்டு எங்கயோ போயிரும்!"

"வேணாம் மாப்ள. ஒயரு தாங்காது."

"ஆறுக்குப் போட்டது தடி ஒயரு மச்சான். பன்னெண்டுக்கு அதுல பாதியே போதும்."

"ஆறு போதும்யா. முருகனுக்கு எத்தன மொகம்? ஆறு. ஒலகத்துக்கே அது போதுது."

"ஆறு மொகம், சரி. கண்ணு எத்தன? பன்னெண்டு! நீங்க மொகத்தாலயா ரோட்டப் பாக்குறீங்க?"

அப்பா எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

எனக்கு அப்போது பெரிய வேடிக்கையாக இருந்தது இதுதான்: அப்பா ஆறு வோல்ட்டை ஊரெல்லாம் திட்டுவார். மாற்றிவிடலாம் என்று யாராவது வாயெடுத்தால், அதே ஆறு வோல்ட்டுக்காக மல்லுக்கு நிற்பார். மருமகளை வீட்டுக்குள் கரித்துக்கொட்டிவிட்டு, வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் சீறுகிற மாமியார் மாதிரி.

அலோர் காஜாவில் தமிழ் முஸ்லிம் ஒருவர் பேட்டரிக் கடை வைத்திருந்தார். எல்லாருக்கும் அவர் நானா. மாமா அப்பாவை அங்கே இழுத்துக்கொண்டு போனார், நானும் தொற்றிக்கொண்டேன். கடைக்குள் நுழைந்தாலே ஆசிட் நெடி மூக்கில் ஊசி போடும். மேசை மேல் நானா இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தார். ஆறு, சின்னப் பலகாரப் பெட்டி மாதிரி சாதுவாக இருந்தது. பன்னிரண்டு, கறுத்துத் தடித்து என்னையே முறைத்தது.

"மொதல்ல எர்த்து பாத்தியளா?" என்றார் நானா. "ஒயரு போய்க் காரு ஒடம்புல பிடிக்கிற எடம். அங்க துரு ஏறிக் கெடந்தா, ஆறு கெளம்பி மூணாத்தான் வந்து சேரும். உப்புத்தாள் போட்டுத் தேச்சிப் பாருங்க. அதுக்கும் சரிப்பட்டு வரலைன்னா வாங்க, பன்னெண்டு மாத்திருவோம். ஆனா பேட்டரிய மட்டும் மாத்துனா பத்தாது. பல்பு, டைனமோ, ஹாரன், வைப்பரு எல்லாம் மாத்தணும். சட்ட புதுசு, கைலி கிழிசல்னு போனா சிரிப்பாகலே?"

அப்பா மேசையைத் தடவிச் சின்னப் பேட்டரியின் மேல் கை வைத்து, "தேச்சே பாப்போம் நானா" என்றார்.

தேய்த்தோம். மாமா காருக்கு அடியில் படுத்துத் தேய்த்தார், நான் உப்புத்தாள் கிழித்துக் கொடுக்கிறேன் என்று என் விரலைத் தேய்த்துக்கொண்டேன். அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக எரிந்தது. எதிரே கோழிக்கூண்டின் கம்பிகளை எண்ணலாம் போல. அக்காவும் நானும் வெளிச்சத்தின் முன்னால் நின்று கைகளைக் கோத்து, சுவரில் நாயும் முயலும் ஓடவிட்டோம்.

"இன்னும் மங்கல்தான்" என்றார் அப்பா.

"மச்சான், செவுத்துல நாய் வாலாட்டுறது தெரியுதே!"

"ஒனக்குத் தெரியும்."

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இன்னொரு கொடுமையும் நடந்துகொண்டிருந்தது. கீரை. பொன்னாங்கண்ணிக் கூட்டு, பொன்னாங்கண்ணிப் பொரியல், மறுநாள் மிஞ்சிய பொன்னாங்கண்ணியில் ரசம் மாதிரி ஏதோ ஒன்று. கோழி அடித்தால் ஈரல் முழுவதும் அப்பா தட்டுக்குப் போகும். அதற்காக நானும் அக்காவும் அடித்துக்கொண்ட காலம் போய், இருவரும் சேர்ந்து அப்பாவை முறைக்கும் காலம் வந்திருந்தது. "ஏம்மா, நாங்க என்னா மாடா? தெனம் புல்லு?" என்றாள் அக்கா.

"தின்னு. கண்ணுக்கு நல்லது."

"எங்க கண்ணுக்கு என்னா வந்துச்சு?"

அம்மா அப்பாவுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள்.

மண்டோர் மறுபடி வந்து, மேனேஜர் கேட்கிறார் என்றார். மாமா பன்னிரண்டு என்றார். அப்பா ஆறு என்றார். கடைசியில் அம்மா துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்து, "பூக்கட்டிப் பாத்திருவோம். முருகன் சொல்லட்டும்" என்றாள். முருகனோடு அப்பா வாதாட மாட்டார்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில். சாமி காலடியில் வைத்து ஒரு பிள்ளையை எடுக்கச் சொன்னால், வந்த பூதான் சாமி வாக்கு. வெள்ளை வந்தால் ஆறு, சிவப்பு வந்தால் பன்னிரண்டு என்று ஏற்பாடு. வீட்டிலேயே அம்மா வாழையிலையில் பூவை வைத்து மடித்து, நாரால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

தோட்டத்துக் கோயில் பூசாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் பூக்கட்டியிருக்கேன் தாயி, ஆப்பரேசனுக்குக் கட்டியிருக்கேன். கரண்டுக்குக் கட்டுறது இதான் மொத தடவ. முருகனுக்கே பாடத்துல இல்லாத கேள்வி."

எடுக்க வேண்டிய பிள்ளை நான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆறு வோல்ட்டுக்கே பாதி நின்றுகொண்டு போகிறவன். பன்னிரண்டு வந்தால் முழுதாக நிற்க வேண்டும், காரோ கூரை தாழ்ந்த ஆமை. கண்ணை மூடிக்கொண்டு மனமுருகி வேண்டினேன்: முருகா, உனக்கு முகம் ஆறு, கை பன்னிரண்டு. எனக்குப் பின்புறம் ஒன்றுதான்.

எடுத்தேன். பூசாரி பிரித்தார். செம்பருத்தி. நான் வீறிட்டுக் கத்தியதைப் பக்திப் பரவசம் என்று நினைத்து யாரோ திருநீறு பூசிவிட்டார்கள். மாமா "பன்னெண்டு!" என்று துள்ளினார். விளக்கு வெளிச்சத்தில் அப்பா அந்தப் பூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி மெதுவாக, "என்னா நெறம்?" என்றார்.

"செவப்புங்க" என்றாள் அம்மா.

எனக்கு முருகன் மேல் கோபம். எனக்கு வராமல் போன வெள்ளைப் பூவையாவது பார்த்துவிட வேண்டும் என்று, மிஞ்சிய பொட்டலத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கோயில் பின்னால் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்ப் பிரித்தேன். அதிலும் செம்பருத்தி. சாமியே ஏமாற்றினால் நான் எந்த சாமியிடம் போய்ச் சொல்வேன்? அம்மாவிடம்தான் ஓடினேன்.

"அம்மா, ரெண்டும் செவப்பும்மா!"

அம்மா என் கையிலிருந்த பூவை வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். "வாய மூடு. முருகனுக்குப் பன்னெண்டு கண்ணு. ஒண்ண மூடிக்கிட்டா குடி முழுகிறாது."

மாமாவும் நானா கடை ஆளும் சேர்ந்து காரைப் பன்னிரண்டாக மாற்றினார்கள். ஸ்டார்ட் செய்யும் மோட்டாரை மாற்றத் தேவையில்லை, தாங்கும் என்றார் நானா. தாங்கியது. ஆனால் சாவியைத் திருகியதும் பேய் பிடித்தது போல அலறியது. முன்பு பூனைக்குட்டி மாதிரி முனகிய ஹாரன், இப்போது ஆபீசில் ஆளைத் திட்டுகிற மாதிரி கேட்டது. வைப்பரை மட்டும் மாமா மறந்துவிட்டார். ஆறு வோல்ட் வைப்பர் பன்னிரண்டைக் குடித்ததும் தலைவிரித்து ஆடி, ஒரு கை கழன்று கோழிக்கூண்டில் போய் விழுந்தது. தோட்டமே வந்து வேடிக்கை பார்த்தது. அப்பாவும் சிரித்தார். நீண்ட நாளைக்குப் பிறகு சிரித்தார். "சரி, நாளைக்கு ஆபீசுக்கு ஓட்டிக் காட்டிருவோம். இன்னிக்கி இங்கயே ஒரு வாட்டி பாத்துக்குறேன்" என்றார்.

சூரியன் விழுந்து, வானத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அப்பா ஸ்டேரிங்கில், அம்மா பக்கத்தில். அக்காவும் நானும் பின்னால். பன்னிரண்டு வோல்ட் மேல் நான் கூரையில் தலை முட்ட நின்றேன். மாமா எதிரே போய், விளக்கு எங்கே விழுகிறது என்று பார்க்கக் கோயில் வாசல் வளைவுக்குக் கீழே நின்றுகொண்டார். அப்பா விளக்கு விசையை இழுத்தார்.

அப்படியொரு வெளிச்சத்தை நான் அந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை. கோயில் சுவரின் சுண்ணாம்பு வெடிப்பு தெரிந்தது. செம்பனை மட்டையின் முள் தெரிந்தது. வளைவில் எழுதியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிந்தன. மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கத்தினார்: "மச்சான், கண்ணு கூசுது! அணைங்க, அணைங்க!"

காருக்குள் அப்பா அம்மா பக்கம் சாய்ந்து, எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பது போலத் தணிந்த குரலில் கேட்டார்:

"எரியுதா?"

என் பக்கத்தில் அக்கா மிட்டாய் மெல்லுவதை நிறுத்தினாள்.

"எரியுதுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"அப்பச் சரி" என்றார் அப்பா. ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியாது. முழுக் கனத்தையும் சீட்டில் போட்டு, பன்னிரண்டு வோல்ட் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பொசுங்கவில்லை.

அன்று சாப்பாட்டின்போது அப்பா விடவில்லை. "லாரில இருபத்திநாலு வோல்ட்டு இருக்கு புள்ள. அது வேற."

"நாப்பத்தெட்டு வச்சாலும்..." என்று ஆரம்பித்த அம்மா, எங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்து போனாள். மேனேஜர் முன்னால் நின்று, "அவுங்க குடிக்கலைங்க. மாலக்கண்ணு" என்றாளாம். அவ்வளவுதான். மாலைக்கண். வெளிச்சம் குறைந்தால் பார்வையும் போய்விடும் நோய். புதுக் கிராணி அதை மலாயில் மாற்றிச் சொன்னார், மண்டோர் அதை லயத்துக்குச் சொன்னார், மத்தியானத்துக்குள் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை. அப்பாவை லாரியிலிருந்து இறக்கியதும் அதே வார்த்தை.

வருஷக் கணக்காக அம்மா மாட்டையும் சைக்கிளையும் வளைவையும் வாயால் சொல்லிச் சொல்லித்தான் அப்பா ஓட்டினார் என்பதும், தொண்டை கட்டிய அன்று கார் ஏன் நேராகப் போனது என்பதும் அக்காவுக்கும் எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு பொட்டலத்திலும் ஏன் சிவப்பு என்பது புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. ஆறு வோல்ட் இருந்தவரை அப்பாவுக்கு ஒரு சாக்கு இருந்தது. அம்மாவுக்கும் அதே சாக்குதான். அடுத்த மாதம் அந்தச் சாக்கோடு அப்பா லாரியில் ஏறிவிடுவார் என்று தெரிந்ததும், அதன் வாயை அம்மா செம்பருத்தி வைத்துக் கட்டிவிட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கும். பன்னிரண்டில் ஒருவேளை தெரிந்துவிட்டால்? ஆபீசுக்குப் போக நல்ல சேலையை அவள் மறுநாள்தானே எடுத்தாள்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்தில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை சமைக்கவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று கத்திய நாங்கள், ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

அப்பாவை நாற்றுப் பண்ணையில் போட்டார்கள். செம்பனைக் கன்றுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை. கொஞ்ச நாள் வரைக்கும் எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக மறந்தார்கள். அம்மாவோடு அப்பா பேசுவதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்வார். விசையை இழுப்பார். முன்னால் பளீரென்று வெளிச்சம் அடிக்கும், யாராவது கண் கூசித் திட்டிக்கொண்டு போவார்கள். அப்பா ஜன்னல் வழியாக, யாரையும் பார்க்காமல், "எரியுதா?" என்பார். அந்த ஒரு கேள்விதான் அப்பா அம்மாவிடம் கேட்டது.

"எரியுதுங்க" என்பாள் அம்மா, துணி மடித்தபடி.

ஓட்டாத காரில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? வெளிச்சம் மஞ்சளாகி, ஆறுக்குக் கீழே இறங்கி, இரண்டு நெருப்புக்குச்சி அளவு சிவந்து, ஒரு நாள் இல்லாமலே போனது. மாமா வந்து, கெட்டுப்போகும் என்று பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா அதற்குப் பிறகும் போய் உட்கார்ந்து விசையை இழுத்தார்.

"எரியுதா?"

"எரியுதுங்க. நல்லா எரியுது."

அக்காவும் நானும் அம்மா மாதிரி பேசிக் காட்டுவதை அதற்கு முன்பே விட்டிருந்தோம்.

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதைக்கு வருகிறேன். பல்புக் கடையிலிருந்து நேராக நான் கண் டாக்டரிடம் போனேன். அவர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றார். "எங்கள் காருக்கு இருந்தது டாக்டர்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வம்சத்தில் வருவது என்றார். ஆறிலிருந்து பன்னிரண்டாக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவருக்கு அதுவும் புரியவில்லை. வீட்டில் யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. திடல் பல்பை மாட்டிவிட்டு உட்கார்ந்து, எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

என் மனைவி பேச்சு குறைந்தவள். காரில் ஏறினால் நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டு வருவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அம்மாவின் ரேடியோ கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. போன சனிக்கிழமை செலண்டாரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. நான் வழக்கம்போல மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி ஏதோ அளந்துகொண்டிருந்தேன்.

"வலது பக்கம் மாடு ரெண்டு நிக்கிது பாருங்க" என்றாள்.

நான் மீசையை நிறுத்தினேன்.

"எடது ஓரமா மோட்டரு சைக்கிளு ஒண்ணு போகுது. லைட்டே இல்லாம." கொஞ்சம் பொறுத்து, "வளைவு வருது" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. சும்மா வழியில் பார்த்ததைச் சொல்கிறவள் மாதிரி.

வளைவு தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தி, சாவியை அவள் பக்கம் நீட்டினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இறங்கிச் சுற்றி வந்து ஸ்டேரிங்கில் உட்கார்ந்தாள். நான் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்தேன். கால் ஆட ஆரம்பித்தது, கையால் அழுத்திக்கொண்டேன். முன்னால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். கார் போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க?" என்றாள்.

பேசலாம்தான். சொல்வதற்கு எனக்கு எதுவும் தெரியவில்லை.